இரத்தத்தின் குற்றமா?

ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே சட்டிச் சோற்றை உண்டு, ஒரே தாயின் மடியில் வளரும் இரண்டு குழந்தைகளை ஒரே காய்ச்சல் தீண்டுகிறது. ஒன்று மூன்றாம் நாள் தெருவில் இறங்கி விளையாடத் தொடங்குகிறது. மற்றொன்று மூச்சுக்குத் தவித்து, மரணத்தின் வாசல்வரை சென்று மீள்கிறது. ஏன் இந்த வேற்றுமை? மருத்துவர் இக்கேள்வியைக் கேட்டால் அது ஆராய்ச்சியாகிறது. பெற்ற தாய் கேட்டால் கண்ணீராகிறது. சுற்றத்தார் கேட்கும்போதோ, பெரும்பாலும் அது குற்றச்சாட்டாகி விடுகிறது.

சென்ற சாரல் பருவத்தில் வீரகேரளம்புதூர் சென்றிருந்தோம். ஒரு காலத்தில் ஊற்றுமலை ஜமீனின் அரண்மனையால் பெயர் பெற்ற ஊர் அது. 2019-ஆம் ஆண்டில் உருவான தென்காசி மாவட்டத்தில் இப்போது ஒரு வட்டத்தின் தலைமையிடம். சுற்று வட்டாரத்தார் 'வீ.கே.புதூர்' என்று சுருக்கி அழைப்பர். குற்றாலத்து மலைகளின் நீரைச் சுமந்து வரும் சிற்றாறு ஊரைத் தொட்டுச் செல்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று தூவானத்தைக் கொண்டுவந்து முற்றமெங்கும் தெளித்துக்கொண்டிருந்த நாட்கள். அங்குள்ள உறவினர் இல்லத்தில் ஒரு குழந்தை நோயுற்று மீண்டிருந்தது. நோயாளியை நலம் விசாரித்தல் நம்மீதுள்ள கடன் அல்லவா? அதற்காகவே சென்றோம்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஏழு வயது மகனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சல் தொற்றியது. கஞ்சியும் கஷாயமும் குடித்து மூன்று நாளில் எழுந்துவிட்டான். அடுத்து மூன்று வயதுத் தங்கைக்கு அதே காய்ச்சல். அவளையோ திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் பன்னிரண்டு நாட்கள். அவற்றுள் ஐந்து நாட்கள் பிராணவாயுவின் துணையோடு. சோதனையில் இன்ஃபுளுயன்சா என்று தெரிந்தது. அல்லாஹ்வின் அருளால் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். நாம் சென்றபோது உம்மாவின் தோளில் துவண்டு கிடந்தாள்.

தேநீர் கொண்டுவந்து வைத்த மாமியார் நம் எதிரிலேயே சொன்னார்: "எங்க வீட்டுலே இப்படி நோஞ்சானா ஒண்ணும் பொறந்ததில்லே. எல்லாம் தாய் வழி ரத்தம்!"

மருமகள் வாய் திறக்கவில்லை. மாமியார் அசருத் தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்து சென்ற பின்னரே மெல்லிய குரலில் கேட்டார்: "மாமா, பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அது என் உடம்புலேருந்துதானே அவளுக்குப் போயிருக்கும்? அப்ப நான் பெத்ததுதானே தப்பு?"

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அங்கேயே நாம் கூறிய மறுமொழி போதுமானதாக இருந்ததா என்பதில் நமக்கே ஐயமுண்டு. ஊர் திரும்பிய பின்னரும் அக்கேள்வி நம்மை விடவில்லை. பிறப்பிலேயே வரும் பலவீனம் யாருடைய குற்றம்? அப்படியொரு பலவீனம் உண்டென்று அறிவியல் காட்டுமாயின், அந்த அறிவைக் கொண்டு நாம் செய்ய வேண்டுவது என்ன? இவ்விரண்டையும் பற்றிச் சற்றே நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் அறிவியல் கூறுவதைக் கேட்போம். இன்ஃபுளுயன்சா என்பது சளிக்குச் சற்று மேற்பட்ட சாதாரணத் தொல்லை என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். மனிதரைப் பற்றும் அந்த வைரஸை 1933-இல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். 1957 மே மாதத்தில் அதன் புதியதொரு வகை நம் நாட்டுக்குள் புகுந்தது. சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த கப்பலோடு அது வந்தது. கடையநல்லூரிலும் தென்காசியிலுமிருந்து சென்ற நம்மவர் பலர் சிங்கப்பூரில் பிழைப்பு நடத்தி வந்த காலம் அது. கப்பல் என்றால் கடிதமும் பணமும் வரும் வழி என்றே நம் வீடுகள் அறிந்திருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் நாடெங்கும் ஏறத்தாழ 44 இலட்சம் பேர் நோயுற்றதாகவும், அவர்களுள் சுமார் 1,100 பேர் இறந்ததாகவும் கணக்கில் பதிவாயிற்று. பதிவாகாதவை இன்னும் பலவாக இருந்திருக்கும். ஆனால் பதிவான கணக்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: அந்நோய் பல்லாயிரம் பேரைப் படுக்கையில் தள்ளி எழுப்பிவிட்டு, ஒருவரை மட்டும் கொண்டு போயிற்று. அந்த ஒருவர் ஏன் அவராக இருந்தார்?

வயது ஒரு காரணம். சிறு குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற தாய்மாரும் எளிதில் வீழ்வர். நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய் ஆகியவை ஒரு காரணம். உடலுள் புகுந்த கிருமியின் அளவு, ஊட்டம், முன்பு எந்த வகைக் காய்ச்சலைக் கண்டு பழகிய உடல் என்பன எல்லாம் காரணங்களே. இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டென்பது அண்மைக் காலத்தில் தெரிய வந்திருக்கிறது. அதுதான் மரபணு.

சென்னைக்கு அக்கப்பல் வந்த அதே 1957-இல், இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இரு விஞ்ஞானிகள் இன்ஃபுளுயன்சா வைரஸை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது ஒரு விந்தையைக் கண்டனர். வைரஸால் தாக்கப்பட்ட உயிரணு, அண்டையிலுள்ள உயிரணுக்களுக்கு எச்சரிக்கை போல ஒரு பொருளை வெளியிடுகிறது. அதற்கு 'இன்டர்ஃபெரான்' என்று பெயரிட்டனர். ஊருக்குள் திருடன் புகுந்ததைக் கண்ட முதல் வீட்டார் கூக்குரலிட, மற்ற வீட்டார் கதவைத் தாழிடுவதை ஒத்தது இது. அக்குரல் உரக்க ஒலிக்க வேண்டுமாயின் உடலில் பல மரபணுக்கள் ஒழுங்காக வேலை செய்தல் வேண்டும்.

ஃபிரான்சு நாட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இன்ஃபுளுயன்சாவால் உயிருக்குப் போராடும் நிலையை அடைந்தது. அதன் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் 2015-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். இன்டர்ஃபெரானின் குரலை உரக்கச் செய்யும் 'ஐ.ஆர்.எஃப்.7' என்னும் மரபணு அக்குழந்தையிடம் பழுதுபட்டிருந்தது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகிறது. இக்குழந்தைக்கு இருவரிடமிருந்து வந்த இரண்டு பிரதிகளுமே பழுதானவை. தந்தைக்கும் தாய்க்கும் பழுதான பிரதி ஒவ்வொன்றே. நல்ல பிரதி ஒன்று துணை நின்றதால் இருவரும் நலமாகவே வாழ்ந்தனர். தங்களிடம் இப்படியொன்று ஒளிந்திருப்பதை அவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும்?

இன்னொரு மரபணுவும் உண்டு. அது உயிரணுவின் வாயிற்காவலனைப் போன்றது. உள்ளே வந்த வைரஸ் தன் உறையை உடைத்துக்கொண்டு வெளிப்படாதபடி தடுக்கிறது. 'ஐ.எஃப்.ஐ.டி.எம்.3' என்பர். 2009-இல் உலகெங்கும் பரவிய பன்றிக் காய்ச்சலின்போது பிரிட்டனில் மருத்துவமனை சேர்ந்தவர்களிடையே இம்மரபணுவின் ஒரு மாற்று வடிவம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்ததை 2012-இல் அறிவித்தனர். மறு ஆண்டில் சீனத்து ஆராய்ச்சியாளர்கள், கடுமையாக நோயுற்றோரில் நூற்றுக்கு 69 பேரிடமும் இலேசாக நோயுற்றோரில் 25 பேரிடமும் அம்மாற்று வடிவத்தின் இரட்டைப் பிரதி இருந்ததாக எழுதினர். ஐரோப்பாவில் பின்னர் நடந்த சில ஆய்வுகளிலோ இத்தொடர்பு தென்படவில்லை.

கடைசியாகச் சொன்னதை நாம் வேண்டுமென்றே சேர்த்துச் சொன்னோம். 'எல்லாம் மரபணு' என்று முழங்குவோரும் உளர். 'எல்லாம் ஊட்டமும் சூழலுமே' என்று முழங்குவோரும் உளர். உண்மை அவ்வளவு எளிதில் ஒரு பக்கம் சாய்வதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நூறாண்டுக் காலக் குடும்பப் பதிவேடுகளைப் புரட்டி, இன்ஃபுளுயன்சாவால் இறந்த ஏறத்தாழ 5,000 பேரின் சுற்றத்தை ஆராய்ந்தனர். இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோர் அதே நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஒன்றரை மடங்கு அளவில் இருந்தது. தூரத்து உறவினரிடமும் சிறிதளவு கூடுதல் இருந்தது. ஆகவே மரபின் பங்கு உண்டு என்றனர். அந்த முடிவு வெளியான அதே 2008-இல், ஐஸ்லாந்துத் தீவில் 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சலில் மாண்டவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த வேறு சிலர், இறந்தவரின் இரத்த உறவினருக்கும் அவருடைய வாழ்க்கைத் துணையின் உறவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை எனக் கண்டனர். மரபின் பங்குக்குச் சான்றில்லை என்றனர். இரண்டையும் ஒருசேரக் கொள்வதே நேர்மை. மரபணு ஒரு காரணம். சிலரிடம் அது பெருங்காரணம். ஆனால் அது மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணமன்று.

இந்த இடத்தில்தான் நம் கேள்வி அறிவியலைக் கடந்து அறத்துக்குள் நுழைகிறது. ஏனெனில் மனிதன் பிறப்பைக் காரணமாகக் காட்டுவதில் எப்போதுமே அவசரக்காரனாக இருந்திருக்கிறான். நம் நாட்டின் கதையையே பார்ப்போம். 1918 ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நுழைந்த காய்ச்சல், அவ்வாண்டின் பிற்பகுதியில் கொடிய உருவெடுத்து நாட்டைச் சூறையாடியது. இறந்தோர் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் இரண்டு கோடி வரை இருப்பர் என்று பலவாறு மதிப்பிட்டிருக்கின்றனர். 1911-ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1921-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்திய மக்கள் தொகை குறைந்து காணப்பட்டதற்கு அதுவே தலையாய காரணம்.

அவ்வாண்டு பம்பாய் நகரில் காய்ச்சலால் இறந்தோரைச் சமூகவாரியாகக் கணக்கிட்டு வைத்தனர். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர்; பார்சிகளில் 9; முஸ்லிம்களில் 19.2, சாதி இந்துக்களில் 18.9; தாழ்த்தப்பட்ட மக்களிலோ 61.6 பேர்! ஐரோப்பியருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடையே ஏழு மடங்குக்கு மேற்பட்ட வேற்றுமை. இதைக் கண்ட ஒருவர், 'பார்த்தீர்களா, அவரவர் இரத்தத்தின் வலிமை!' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காற்றுப் புகாத ஒற்றை அறையில் பத்துப் பேராக நெருங்கிக் கிடந்தவன் யார்? பருவமழை பொய்த்து அரிசி விலை ஏறிய அவ்வாண்டில் அரைவயிறு உண்டவன் யார்? காய்ச்சலோடு படுத்தால் மறுநாள் கூலி இல்லை என்று எழுந்து சென்றவன் யார்? தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் குடும்பம் முழுதும் படுத்துக் கிடந்தது எந்தத் தெருவில்? அந்தக் கேள்விகளைக் கேட்காமல் இரத்தத்தின்மீது பழியைப் போட்டிருந்தால், அது அறிவியலாக இருந்திராது. அநீதிக்கு அணிவித்த ஆடையாகவே இருந்திருக்கும்.

பசிபிக் பெருங்கடலில் இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. சமோவாத் தீவுகளில் வாழ்வோர் ஒரே இன மக்கள், ஒரே மொழியினர், ஒருவருக்கொருவர் கொள்வினை கொடுப்பினை உடையவர்கள். ஆட்சி மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது. 1918 நவம்பர் 7-ஆம் நாள் மேற்குச் சமோவாவுக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு கப்பல் நோயாளிகளோடு வந்தது. அதைத் தடுத்து நிறுத்துவாரில்லை. சில வாரங்களில் அங்கு ஐந்தில் ஒருவர் மாண்டனர். நூறு மைலுக்கும் குறைந்த தொலைவிலிருந்த அமெரிக்கச் சமோவாவிலோ, ஆளுநர் துறைமுகத்தை அடைத்துக் காவல் வைத்தார். அங்கு அக்காய்ச்சலால் ஒருவர்கூட இறக்கவில்லை. இரத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரு கரையில் ஆயிரக்கணக்கான கபுருகள். மறு கரையில் ஒன்றும் இல்லை. பிறப்பு நமக்கு எதைக் கொடுத்திருந்தாலும், இறுதி முடிவில் மனிதரின் செயலுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

'பலவீனம்' என்னும் சொல்லையும் சற்றே உரசிப் பார்த்தல் வேண்டும். 1952-இல் நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடையே, இரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவம் கொள்ளும் மரபுக்கூறு இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தைக்கு அது கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ, மலேரியா மிகுந்த நிலத்தில் அதுவே கவசம். ஒரே கூறு ஒரு வீட்டில் துயரமாகவும் மறு வீட்டில் காப்பாகவும் இருக்கிறது. எனில் அதை வலிமை என்போமா, பலவீனம் என்போமா?

நோய்க்கிருமியின் துணுக்குகளைத் தூக்கிக் காட்டி உடலின் படைகளுக்கு அடையாளம் சொல்லும் மரபணுக் குழு ஒன்று நம் அனைவரிடமும் உண்டு. மனித உடலில் வேறெந்தப் பகுதியிலும் ஆளுக்கு ஆள் இத்தனை வேற்றுமை இல்லை என்பர். ஒருவர் உடல் எளிதில் அடையாளம் காணும் வைரஸை மற்றவர் உடல் தடுமாறியே காண்கிறது. வேறொரு வைரஸ் வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தால், ஓர் ஆளை வீழ்த்தக் கற்ற கிருமி ஊரையே வீழ்த்திவிடும். நாம் வேறு வேறாகப் படைக்கப்பட்டிருப்பதே நாம் ஒட்டுமொத்தமாகப் பிழைத்திருப்பதற்குக் காரணங்களுள் ஒன்று. படைப்பின் இந்த வேற்றுமையைக் கண்டு வியந்து சிந்திக்க வேண்டியவர்கள், அதைக் கொண்டு ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது எத்துணைப் பேதைமை! இறையச்சம் ஒன்றைத் தவிர வேறெதனாலும் ஒருவர் மற்றவரைவிட உயர்ந்தவராக முடியாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அறிவுறுத்தியது குலத்துக்கும் நிறத்துக்கும் மட்டுமா? நுரையீரலுக்கும் அது பொருந்தும் அல்லவா?

'அப்படியாயின் எல்லாம் நஸீபு. நடப்பது நடக்கட்டும்' என்று சிலர் கூறக்கூடும். பிறப்பிலேயே எழுதப்பட்டது என்று விஞ்ஞானமும் சொல்கிறதே என்று அவர்கள் மரபணுவையும் துணைக்கு அழைப்பர். களா கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி. ஆனால் அந்நம்பிக்கையைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் திண்ணையாக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை 'ஸர்கு' என்னுமிடத்தில் கேள்வியுற்றுத் திரும்ப முடிவு செய்த வரலாற்றை நாம் அறிவோம். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்து, பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமை காட்டினார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்ல வேண்டாம், நோயுள்ள ஊரிலிருந்து வெளியேறவும் வேண்டாம் என்னும் கருத்தமைந்த நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, கலீஃபாவின் முடிவு உறுதிப்பட்டது. பிறப்பும் விதிதான். மருந்தும் விதிதான். நமக்கு முன்னே உள்ள இரு சரிவுகளில் பசுமையானதை நாடுவது நம் கடமை.

அந்தக் கடமை யார்மீது மிகுதியாக விழுகிறது? நாம் கருதுவது இது: எவருக்கு நோய் இலேசாக வந்து போகிறதோ அவர்மீது. வலிமை பெற்ற உடல் அவர் உழைத்துத் தேடிய சொத்தன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 'எனக்கு ஒன்றும் செய்யாது, வெறும் ஜலதோஷம்' என்று இருமிக்கொண்டே திருமண விருந்துக்குச் செல்பவர் தம் உடலைப் பற்றி மட்டுமே சொல்கிறார். பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் உடலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மடியிலுள்ள குழந்தையின் மரபணுவில் எது குறைந்திருக்கிறதென்று எவர் நெற்றியிலும் எழுதி வைக்கவில்லை. யாரிடம் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பது தெரியாதபோது, எல்லோரையும் காப்பதைத் தவிர அந்த ஒருவரைக் காக்க வேறு வழியில்லை.

இதற்குப் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டியதில்லை. காய்ச்சல் உள்ள பிள்ளையை மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்தல், இருமும்போது வாயை மூடுதல், கையைக் கழுவுதல், சிறு குழந்தையும் முதியவரும் உள்ள அறையில் சன்னலைத் திறந்து வைத்தல், மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுதல். தடுப்பூசியும் உண்டு. ஹஜ் செல்லும் முதியோருக்கு இன்ஃபுளுயன்சாத் தடுப்பூசி போடுவதை நம் குடும்பங்கள் அறியும். புனிதப் பயணத்துக்கு முன் ஏற்றுக்கொள்ளும் ஊசியை, வீட்டிலிருக்கும் பேரனுக்கும் பாட்டிக்கும் போட ஏன் தயங்க வேண்டும்? வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் இந்நோய் தென்மேற்குப் பருவமழையோடு உச்சமடைகிறது. சென்னையிலோ அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மிகுந்து காணப்பட்டிருக்கிறது. எந்த மாதத்தில் போடுவது நலம் என்பதைத் தத்தம் ஊர் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

நாம் முன்னர் குறிப்பிட்ட ஃபிரெஞ்சுக் குழந்தை என்ன ஆயிற்று? ஆய்வு வெளியானபோது அவளுக்கு ஏழு வயது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றக் குழந்தைகளைப் போலவே வாழ்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய மரபணு மாறவில்லை. அதை அறிந்தவர்கள் அவளைக் காத்தார்கள். அவ்வளவே. அறிவு காக்கவும் பயன்படும், கழிக்கவும் பயன்படும். பழுதான மரபணுவை அறிந்து 'இவளுக்கு எது தேவை?' என்று கேட்பது காக்கும் அறிவு. அதையே அறிந்து 'இவள் நமக்குத் தேவையா?' என்று கேட்பது கழிக்கும் அறிவு. இனி வரும் காலத்தில் மரபணுச் சோதனைகள் மலிந்து, பெண் பார்க்க வருவோர் நகைப் பட்டியலோடு இரத்தப் பட்டியலையும் கேட்கத் தொடங்கினால், அன்று நம் வீடுகள் இவ்விரண்டில் எதைத் தேர்ந்துகொள்ளும் என்பதே நமக்குள்ள அச்சம்.

உறவுத் திருமணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுவதே முறை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 இரத்த உறவில் நிகழ்பவை. நெருங்கிய உறவினரிடம் ஒரே பழுதான பிரதி ஒளிந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. எனவே அது பிள்ளையிடம் இரட்டையாகக் கூடும் வாய்ப்பும் மிகுதி. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் நடந்த பேராய்வு, பிறவிக் குறைகளின் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறாக உயர்வதை 2013-இல் எடுத்துக்காட்டியது. அதாவது, நூற்றில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. மார்க்கம் அதற்கு அனுமதி அளித்திருக்கிறது, கட்டளையிடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குள் கொள்வினை கொடுப்பினை செய்வோர் இதை எண்ணிப் பார்ப்பது விவேகம். நடந்து முடிந்த திருமணத்தில் பிறந்த பிள்ளையைக் காட்டி ஒருத்தியைக் குத்திக்காட்டுவதோ விவேகமன்று, கொடுமை.

இனி வீரகேரளம்புதூருக்குத் திரும்புவோம். அக்குழந்தையின் மரபணுவை எவரும் சோதித்ததில்லை. மூன்று வயதுப் பிஞ்சு உடலுக்கு முதன்முறையாக வந்த கடுங்காய்ச்சல் என்பதே போதிய விளக்கமாக இருக்கலாம். ஒருக்கால் மரபின் பங்கு இருந்தாலும், உடன்பிறந்தவர் இருவரும் பெற்றோரின் மரபணுக்களை ஒரே வகையாகப் பெறுவதில்லை. ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகக் கலைத்துப் பங்கிடப்படுகிறது. அண்ணன் தேறியதற்கு அவன் புகழுக்குரியவனல்லன். தங்கை தவித்ததற்கு அவள் பழிக்குரியவளல்லள். பெற்றவள் தன் கையால் எதையும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கவில்லை. தெரிந்து செய்யாததற்கும், தடுக்க இயலாததற்கும் ஒருவரைக் குற்றவாளியாக்கும் நீதி எந்த நீதிமன்றத்திலும் இல்லை. மறுமையின் மன்றத்திலும், ஓர் ஆத்மாவை அதன் சக்திக்கு மேற்பட்டதற்காகக் கேள்வி கேட்பதில்லை என்பதே நம் நம்பிக்கை.

அன்று அந்த வீட்டில் நாம் இவ்வளவும் பேசவில்லை. தொழுகை முடித்து வந்த மாமியாரிடம் ஒன்றை மட்டும் கேட்டோம். அந்த மருமகள் வேறு யாருமல்லர். அவருடைய சொந்தத் தம்பியின் மகள். தம்பி காலமானபோது, 'என் ரத்தம் வெளியே போகக் கூடாது' என்று சொல்லித் தம் மகனுக்கு மணமுடித்துக் கொண்டுவந்தவர் அவரே.

"தாய் வழி ரத்தம் என்று சொன்னீர்களே, அது யார் வீட்டு ரத்தம்?" என்றோம்.

அவர் விடை சொல்லவில்லை. சற்று நேரம் தூவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகளின் அருகே சென்று, "நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு. காலையிலேருந்து சும்மா கிடக்கே" என்று சொல்லிக் குழந்தையைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.